வேனில் ஏறினால் குட்மார்னிங் சொல்ல வேண்டிய ஊர்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழிக் கிறுக்கல். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்பது இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். எங்கள் சபையில் இருக்கும் டீச்சர் அக்கா, "நீங்க மனசுல வர்றத எழுதுங்கண்ணா, தப்ப நான் திருத்திக்கிறேன்" என்று சொன்ன தைரியத்தில் எழுதுகிறேன். அதற்கு மேலும் பிழை இருந்தால் அது என்னுடையது, அவருடையது இல்லை.

எழுத வேண்டி வந்த காரணம் இது. வருகிற டிசம்பரில் பார்படோஸ் என்கிற தீவில் என் மகளுக்குக் கல்யாணம். ஏர்போர்ட்டை ஒட்டிய பொழிச்சலூரில் இருக்கும் என் மச்சானும் அவன் மனைவியும் அதற்கு வருகிறார்கள். மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. அவன் தினமும் போன் செய்கிறான்.

"மாமா, அங்க இன்னா கீது, இன்னா இல்ல? இன்னா எட்த்துகினு வரணும்? சொல்லு மாமா."

போனில் நாலு வார்த்தைக்கு மேல் எனக்கு வராது. "வா, பாத்துக்கலாம்" என்று சொல்லி என் மனைவியிடம் கொடுத்துவிடுவேன். அவள் சொல்வதெல்லாம் அங்கே புடவை எப்படிக் காய்கிறது என்பதுதான். அதனால்தான் எழுதிக் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். மச்சானுக்காக ஆரம்பித்தது, நடந்ததெல்லாம் சேர்ந்து நீண்டுவிட்டது.

நான் கிழக்குத் தாம்பரத்திலிருந்து ராஜகீழ்ப்பாக்கம் வழியாக மேடவாக்கம் வரைக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். நாள் முழுக்க ஜனங்களோடுதான் இருக்கிறேன், ஆனால் யாரிடமும் பேசுவதில்லை. ஆட்டோவில் ஏறுகிறவர்களும் பேசமாட்டார்கள், அது எனக்கு வசதி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, முடிந்ததும் ஆளாளுக்குக் கைகொடுத்து ஸ்தோத்திரம் சொல்வதற்குள் வாசலுக்கு வந்துவிடுவேன். கூச்சம். பிறவியிலேயே அப்படி.

என் மகள் நர்ஸ். வேலை கிடைத்து அந்தத் தீவுக்குப் போனாள். அதே ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்யும் இடத்தில் வேலை பார்க்கும் பையனோடு பழக்கமாகி, கல்யாணம் பண்ணிக்கொள்ளட்டுமா என்று எங்களைக் கேட்டாள். என் மனைவி ஒரு நாள் முழுக்க அழுதாள். மறுநாள் வீடியோ காலில் அந்தப் பையன் அவளைப் பார்த்து "வணக்கம் அம்மா" என்று சிரித்தான். அதோடு அழுகை நின்றது. எங்கள் பக்கம் சரியாகிவிட்டது. பிரச்சினை பையனின் அம்மா.

"அவருக்கு அப்பா இல்லப்பா. அவங்க அம்மா தனியா நின்னு வளத்தாங்க" என்றாள் மகள். "பொண்ணோட அம்மா அப்பாவ நேர்ல பாத்தா தான் பதில் சொல்வேன்னு சொல்ட்டாங்க. அவங்க வேணான்னா, எனக்கும் வேணாம்பா. நான் ஊருக்கு வந்துடுறேன்."

கடைசி வார்த்தையை அவள் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. அழுதுவிடுவாள் போலிருந்தது. டிக்கெட் அவளே போட்டாள். ஜூன் மாதம் கிளம்பினோம்.

மச்சானுக்கு இங்கே ஒன்று சொல்ல வேண்டும். வழியில் வேறு நாட்டில் இறங்கி விமானம் மாற வேண்டும். அந்த நாட்டுக்கும் விசா கேட்பார்களா என்பதை டிக்கெட் போடும்போதே விசாரித்துவிடு. எங்களுக்கு மகள் எல்லாம் பார்த்துவைத்திருந்தாள். அவள் பார்க்காமல் விட்டது நீ செய்த வேலையைத்தான்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மச்சான் ஒரு பை கொண்டுவந்தான். தாம்பரம் மார்க்கெட்டில் பிளாட்பாரக் கடையில் வாங்கியது. உள்ளே ஒரு தொப்பி, ஒரு அரைக்கால் சட்டை. இரண்டும் மிலிட்டரிக்காரர்கள் போடுகிற பச்சையும் பழுப்பும் திட்டுத் திட்டான துணி.

"பீச்சுல இத மாட்டிகினு நில்லு மாமா. வெஸ்ட் இண்டீஸ் டீமே உன்ன பாத்து ஒதுங்கும்."

"எனக்கு எதுக்குடா இதெல்லாம்?"

"சும்மா இரு மாமா. எங்க வூட்டு மேல தான உன் ப்ளேன் போவும். ஜன்னலாண்ட குந்திகினு தொப்பிய ஆட்டு. நான் மாடில நின்னு பாக்கறேன்."

ஜன்னல் ஓரத்தில் இடம் கிடைக்கவில்லை. ஆனால் அவன் ஆசையாக வாங்கியது என்பதால் தொப்பியைத் தலையிலேயே வைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். அந்த ஊரில் அந்த மாதிரித் துணியை ராணுவத்தில் இருப்பவர்கள் தவிர வேறு யாரும் போடக் கூடாதாம். சட்டமே இருக்கிறதாம், சின்னக் குழந்தைக்குக்கூட அப்படித்தானாம். ஏர்போர்ட்டில் ஒரு பெண் அதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மரியாதையாகத்தான், தலையைக் காட்டினார். நான் தலையில் ஏதோ பூச்சி என்று நினைத்துத் தட்டிக்கொண்டேன். அவர் சிரித்துவிட்டு, அவரே தொப்பியை எடுத்தார். பெட்டியைத் திறந்தபோது அரைக்கால் சட்டையும் போயிற்று. கூடவே என் மனைவி துணிக்கு நடுவில் சுருட்டிவைத்திருந்த கறிவேப்பிலையும் போயிற்று. இலை, விதை, பழம் எதுவும் கொண்டுபோகக் கூடாது. மசாலாப் பொடியை மட்டும் விட்டார்கள்.

அந்த ஊர் எப்படி என்று கேட்டால், தண்ணீரைப் பற்றித்தான் முதலில் சொல்வேன். குழாயைத் திறந்து அப்படியே குடிக்கலாம். லாரித் தண்ணீரும் கேன் தண்ணீருமாகக் காலம் தள்ளுகிற எங்களுக்கு முதல் நாள் அதை நம்ப முடியவில்லை. நான் எழுந்து எழுந்து போய்க் குடித்துக்கொண்டே இருந்தேன். வண்டியெல்லாம் நம் ஊர் மாதிரியே இடது பக்கம்தான் போகிறது. கரண்ட் மட்டும் வேறு, நம் ஊரில் வருவதில் பாதிதான். என் மனைவி தூக்கிக்கொண்டு வந்த மிக்ஸி அங்கே முனகியதே தவிர, சட்னி ஆகவில்லை. மிக்ஸி வேண்டாம் மச்சான், சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பையன் வீட்டுக்குப் போனோம். ரோஸ் கலர் பூசிய சின்ன மரவீடு. வாசலை ஒட்டியே ஒரு சின்னக் கடை. பையனின் அம்மா மற்ற நாட்களில் அங்கேதான் மீன் பொரித்து விற்கிறார். உயரமான, கம்பீரமான பெண்மணி. சர்ச்சுக்குப் போட்ட பெரிய மஞ்சள் தொப்பியைக் கழற்றாமல் வீட்டுக்குள்ளே நடுவில் நின்றிருந்தார்.

மாப்பிள்ளை வீட்டுக்கு முதல் தடவை போகும் பெண்ணின் அப்பா எப்படிப் போக வேண்டும்? அடக்கமாகப் போக வேண்டும். நான் வாசலிலேயே செருப்பைக் கழற்றினேன். தலையைக் குனிந்து உள்ளே போனேன். கைகளைக் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்துச் சிரித்தபடி, அவர் "வாங்க" என்று சொல்வதற்காகக் காத்து நின்றேன். அவர் சொல்லவில்லை. அவரும் எதற்கோ காத்திருப்பது போலிருந்தது. இரண்டு பேரும் நின்றுகொண்டே இருந்தோம். என் மனைவி ஜன்னல் திரையைப் பிடித்துப் பார்த்து, "துணி நல்லா கீதுல்ல?" என்று மகளிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு ஒரு தட்டில் பொரித்த மீன் கொண்டுவந்தார். நம் ஊரில் கோலா என்று சொல்கிறோமே, தண்ணீருக்கு மேலே தாவிப் பறக்குமே, அதே மீன். வாசனை மூக்கைத் துளைத்தது. காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை. ஆனால் நீட்டியதும் வாங்கிக்கொள்ள முடியுமா? கையை ஆட்டி, "நோ, நோ" என்றேன். இரண்டாம் தடவை வற்புறுத்துவார், அப்போதும் வேண்டாம் என்போம், மூன்றாம் தடவை வாங்கிக்கொள்வோம் என்று எனக்குள் கணக்கு. அவர் தட்டை அப்படியே திருப்பி மகனிடம் கொடுத்துவிட்டார். பையன் என்னைப் பார்த்துக்கொண்டே எல்லா மீனையும் சாப்பிட்டான். என் வாயில் எச்சில் ஊறியது.

எங்களைத் தன் வீட்டில் விட்டுவிட்டு மறுபடியும் அங்கே போன மகள், சாயங்காலம் முகம் வாடித் திரும்பி வந்தாள்.

"அப்பா, அவங்க என்ன கேட்டாங்க தெரியுமா? 'உங்கப்பாவுக்கு எங்கள புடிக்கலையா?'ன்னு கேட்டாங்க."

"நான் ஒண்ணுமே சொல்லலியேம்மா."

"அதான்பா பிரச்சினை. வீட்டுக்குள்ள வந்தாரு, ஒரு குட் ஆஃப்டர்நூன் சொல்லல. என் மூஞ்சிய பாக்கல. நான் சமைச்சத தொடல. இப்படி ஒரு குடும்பத்துல எப்படி சம்பந்தம் பண்றதுங்கிறாங்க."

"நான் மரியாதையா தானே நின்னேன்?"

"இங்க அதுக்குப் பேரு திமிருப்பா."

என் மனைவி சப்பாத்தி தேய்த்துக்கொண்டே, "திமிரா? இந்த மனுசனுக்கா?" என்றாள். "கல்யாணம் ஆயி என்கிட்டயே ஆறு மாசம் பேசல. அத சொல்லு அவங்ககிட்ட."

மகள் சிரித்தாள், ஆனால் சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குச் சப்பாத்தி இறங்கவில்லை. அவள் கூட வந்து விளக்கிச் சொன்னால் அந்த அம்மா கேட்பார்தான். ஆனால் நான் வாய் திறக்காததற்கு மகள் வந்து வாய் திறந்தால், திமிர் என்பது உண்மையாகிவிடும் இல்லையா?

மறுநாள் மகளும் பையனும் வேலைக்குப் போனதும் சட்டை மாட்டினேன்.

"எங்க கெளம்பிட்ட?" என்றாள் மனைவி.

"அவங்க வூட்டுக்கு."

"தனியாவா? நீயா?" சூடு ஏற ஏற நின்றுபோகும் மிக்ஸியை விட்டுவிட்டு என்னையே பார்த்தாள். "போய் இன்னா பேசுவ?"

"தெரியல."

பஸ் நிறுத்தத்தில் நின்றேன். அந்த ஊரில் வெள்ளை நிற வேன்கள் ஓடுகின்றன, பக்கத்தில் மரூன் கலர் கோடு போட்டிருக்கும். பாட்டு காதைக் கிழிக்கும். மூன்று பேர் உட்காரும் சீட்டில் நான்கு பேர். வளைவில் பிரேக் போடாமல் திரும்புவான். எனக்கு மேடவாக்கம் வந்துவிட்ட மாதிரி சந்தோஷமாக இருந்தது. நான் பேசாமல் ஏறி உட்கார்ந்தேன். எல்லோரும் ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அடுத்த நிறுத்தத்தில் ஒரு பெரியவர் ஏறினார். ஏறும்போதே, யாரையும் குறிப்பாகப் பார்க்காமல் வேன் முழுவதற்குமாக, "குட் மார்னிங்" என்றார். வேன் முழுவதும் "குட் மார்னிங்" என்றது. அடுத்து ஒரு அம்மா கூடையோடு ஏறினார். "குட் மார்னிங்." எல்லோரும் "குட் மார்னிங்." எனக்கு ஆச்சரியம். இத்தனை வருஷம் வண்டி ஓட்டுகிறேன், என் ஆட்டோவில் ஏறுகிறவர்கள் முதலில் சொல்லும் வார்த்தை "நவுந்து குந்துங்க" என்பதுதான். இங்கே முன்பின் தெரியாதவர்கள் ஒரு வீட்டுக்குள் நுழைகிற மாதிரி வேனுக்குள் நுழைகிறார்கள். அப்போதுதான் நேற்று அந்த அம்மா எதற்குக் காத்து நின்றார் என்று முழுதாகப் புரிந்தது. உள்ளே வருகிறவன்தான் முதலில் சொல்ல வேண்டும். நான் வந்தவன்.

அடுத்து ஏறியவருக்கு நானும் பதில் சொன்னேன், உதடு மட்டும் அசைந்தது. அதற்கடுத்தவருக்குக் கொஞ்சம் சத்தம் வந்தது. பிறகு யாராவது ஏறமாட்டார்களா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த உற்சாகத்தில் இறங்க வேண்டிய இடம் போய்விட்டது.

கடற்கரைப் பக்கம் இறங்கிவிட்டேன். மழை பிடித்துக்கொண்டது. ஓடிப் போய் ஒரு மரத்தடியில் நின்றேன். மரத்தைச் சுற்றிச் சிவப்புப் பெயின்டில் பட்டை அடித்திருந்தது. நம் ஊர் ரோட்டோர மரத்தில் அடிக்கிற மாதிரி என்று நினைத்தேன். கீழே சின்னச் சின்னப் பச்சைப் பழங்கள் கிடந்தன. எடுக்கலாமா என்று குனிந்தபோது, எதிரே இளநீர் வண்டி வைத்திருந்தவர் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு கத்தினார். பார்த்தால் சண்டைக்கு வருகிற மாதிரி இருந்தது. நான் பயந்துபோய் மழையிலேயே வெளியே வந்தேன். அவர் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார், பழத்தைத் தொட்டேனா என்று. நாக்கை நீட்டிச் செத்துப்போகிற மாதிரி நடித்துக் காட்டினார். அது விஷமரமாம், பிறகு மகள் சொன்னாள். பழமும் ஆகாது, மழையில் அந்த இலையிலிருந்து சொட்டும் தண்ணீர் பட்டாலே தோல் வெந்துவிடுமாம். மச்சான், நீ எந்த மரத்தைப் பார்த்தாலும் கல்லெடுக்கிறவன். அங்கே கடற்கரையில் சிவப்புப் பட்டை இருந்தால் கிட்டேயே போகாதே.

அவர் தன் வண்டிக்குடைக்குக் கீழே எனக்கு இடம் கொடுத்தார். வேன் வந்ததும் தள்ளி ஏற்றிவிட்டார்.

சொட்டச் சொட்ட நனைந்து வேன் படியில் நின்றேன். பாட்டு அலறிக்கொண்டிருந்தது. இத்தனை முகங்கள். இங்கே சொல்லாவிட்டால் அங்கே போயும் சொல்லமாட்டாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"குட் மார்னிங்!"

பயத்தில் சத்தம் கொஞ்சம் அதிகமாகவே வந்துவிட்டது. மேடவாக்கம், மேடவாக்கம் என்று கூவுகிற அதே குரல். வேன் முழுக்க, டிரைவர் உட்பட, "குட் மார்னிங்!" என்று திருப்பிச் சொன்னது. ஒரு அம்மா நகர்ந்து ஈரத்தோடு என்னை உட்காரவைத்தார். என் வாழ்க்கையில் இவ்வளவு பேர் ஒரே நேரத்தில் எனக்குப் பதில் சொன்னதில்லை.

ரோஸ் வீட்டு வாசலில் இறங்கினேன். பையனின் அம்மா கடையில் வாணலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்டிலிருந்தே, தலையை நிமிர்த்தி, அவர் முகத்தைப் பார்த்து, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி "குட் மார்னிங்!" என்றேன்.

அவர் என் நனைந்த சட்டையைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தார். மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "குட் ஆஃப்டர்நூன்" என்று அவர் நிறுத்திச் சொல்ல, நானும் "குட் ஆஃப்டர்நூன்" என்றேன்.

ஒரு துண்டு கொடுத்தார். ஸ்டூலில் உட்காரவைத்தார். தட்டை எடுத்து, மீன் வேண்டுமா என்று கேட்பதற்குள், "எஸ்! எஸ்!" என்றேன். பக்கத்தில் மஞ்சள் நிற மிளகாய்ச் சாந்து இருந்தது. நாம் பார்க்காத காரமா என்று அள்ளிப் போட்டுக்கொண்டேன். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டியது. மச்சான், விரல் நுனியில் தொட்டுக்கொண்டால் போதும்.

அவர் தண்ணீர் கொடுத்துவிட்டு என்னையே பார்த்தார். நேற்றைய கேள்வி அந்த முகத்தில் இன்னும் இருந்தது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷை எல்லாம் திரட்டினேன். நெஞ்சைத் தொட்டு, "மீ, ஷை" என்றேன். அவர் நம்பவில்லை. கேட்டில் நின்று கத்தியவன் கூச்சக்காரன் என்றால் யார் நம்புவார்கள்? வேறு வழி தெரியாமல் மனைவி சொன்னதையே சொன்னேன்.

"மை மேரேஜ். மை வைஃப். சிக்ஸ் மந்த்... நோ டாக்."

அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "சிக்ஸ் மந்த்?" என்று ஆறு விரலைக் காட்டினார். நான் தலையாட்டினேன். சிரித்துச் சிரித்து, கடைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். அவ்வழியாகப் போன பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிட்டு அவருக்கும் ஆறு விரலைக் காட்டினார். அந்த அம்மாவும் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டாவது தட்டு மீன் கேட்காமலே வந்தது.

பிறகு திடீரென்று என் தலையைச் சுற்றிக் கையால் பெரிய வட்டம் போட்டு ஏதோ கேட்டார். எனக்கு மறுபடியும் தொப்பி ஞாபகம் வந்து பயமாகிவிட்டது. தொப்பி இல்லை என்று தலையைத் தடவிக் காட்டினேன். அவர் என் மகளுக்குப் போன் போட்டு, சத்தமாக வைத்தார்.

"அப்பா! நீ அங்க எப்படிப்பா போன?"

"வேன்ல."

அந்த அம்மா போனில் ஏதோ வேகமாகச் சொன்னார். மகள் சிரித்தாள். "அம்மா என்ன கலர் பொடவ கட்டுவாங்கன்னு கேக்குறாங்கப்பா. அவங்க அதுக்கு மேட்சா தொப்பி வாங்கணுமாம், கல்யாணத்துக்கு." சட்டென்று நிறுத்தினாள். "அப்பா, கல்யாணத்துக்குன்னு சொல்றாங்கப்பா."

"அரக்கு கலர்னு சொல்லும்மா" என்றேன். என் மனைவியைக் கேட்காமல் நானாக முடிவு செய்த ஒரே புடவை அதுதான். மிளகாய்ச் சாந்தின் புண்ணியத்தில் கண்ணைத் துடைத்துக்கொள்ள எனக்குக் கூச்சமாக இல்லை.

ஊர் திரும்பியும் அந்தப் பழக்கம் போகவில்லை. வண்டி எடுத்த முதல் நாள், கிழக்குத் தாம்பரத்தில் முதல் ஆள் ஏறியதும் "குட் மார்னிங்" என்றேன். ஏறியவர் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இரண்டாவதாக ஏறிய பூக்கார அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாண்ணா, எலெக்‌ஷன்ல நிக்கிறியா?"

"இல்லக்கா. சும்மா தான்."

"சும்மாவா? இத்தினி வருசமா உன் வண்டில வரேன், உனக்கு வாய் கீதுன்னே இன்னிக்கி தான் தெரியும்."

ஆனால் மறுநாள் அவரே ஏறும்போது "குட் மார்னிங்ண்ணா" என்றார். இப்போது காலைச் சவாரியில் பாதிப் பேர் சொல்கிறார்கள். மீதிப் பேர் சிரிக்கிறார்கள். அதுவும் பரவாயில்லை.

நான் சொல்வதை நிறுத்தாததற்கு ஒரு காரணம் இருக்கிறது. கல்யாண விருந்தில் பெண்ணின் அப்பா எழுந்து நின்று எல்லோர் முன்னாலும் பேச வேண்டுமாம். அது அந்த ஊர் வழக்கம் என்று சம்பந்தியம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தமிழில் பேசினால் போதும், மகள் மொழிபெயர்ப்பாள். போன வாரம் வீடியோ காலில் அரக்குக் கலர் தொப்பியை வைத்துக் காட்டிவிட்டு, என்னைப் பார்த்து ஆறு விரலைக் காட்டினார். அந்தக் கதையையும் நான் சொல்லியே ஆக வேண்டுமாம். என் மனைவி சம்மதித்துவிட்டாள்.

பேச்சில் முதல் வரி தயாராகிவிட்டது. விருந்து மத்தியானம்தான், விசாரித்துவைத்திருக்கிறேன். எழுந்து நின்று "எல்லாருக்கும் குட் ஆஃப்டர்நூன்" என்பேன். மண்டபம் முழுக்கத் திருப்பிச் சொல்லும். அதற்குப் பிறகு வருவது தானாக வரும்.

மச்சான், நீயும் அங்கே கடை, வேன், வீடு எதில் நுழைந்தாலும் முதலில் அதைச் சொல். மீன் கொடுத்தால் முதல் தடவையே வாங்கிக்கொள். கிளம்புவதற்கு முன்னால் தாம்பரம் மார்க்கெட் பக்கம் மட்டும் போகாதே.

2025 அக்டோபர் 12, ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து எழுதியது. இன்றைக்குக் கடைசி ஆளாகத்தான் வாசலுக்கு வந்தேன்.